நாலு தங்கக் கம்பியும் ஓர் இமை முடியும்

என் ஓரகத்தி ஒரு கொசுவைப் பிடித்து, மூக்குத்தி குத்தி, வலி தெரியாமல் திரும்பப் பறக்கவும் விட்டுவிடுவாள் என்று நான் சொல்லும்போது யாரும் நம்புவதில்லை. நம்ப வேண்டாம். ஆனால் அவள் தினமும் பார்த்த வேலை அதைவிடப் பொடிசு.

ஒரு கறுப்புப் படிகம். ஊசி வடிவம், அரிசிக் குருணையை நீளவாக்கில் பத்தாகக் கிழித்தால் ஒரு கீற்று வருமே, அந்த அளவு. அதன் முதுகில், தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பி நாலை வரிசையாக ஒட்ட வேண்டும். ஓரத்துக் கம்பிகள் இரண்டும் மின்சாரத்தை உள்ளே விட்டு வெளியே எடுக்கும். நடுவில் இருக்கும் இரண்டும் அந்த மின்சாரம் எவ்வளவு சிரமப்பட்டு நடக்கிறது என்று வேவு பார்த்துச் சொல்லும். நுண்ணோக்கியில் கண்ணை வைத்து, மூச்சை அடக்கி, கரிப்பசையால் ஒரு புள்ளி வைப்பாள். புள்ளி பெரிதானால் பக்கத்துப் புள்ளியோடு சேர்ந்துவிடும். சிறிதானால் குளிரில் உரிந்துவிடும். நடுவில் தும்மல் வந்தால் படிகத்தைத் தேட வேண்டியதில்லை, வீட்டுக்குக் கிளம்பிவிடலாம்.

படிகத்தை எடுத்து வைக்க இரும்பு இடுக்கி ஆகாது, நொறுங்கிவிடும். பிளாஸ்டிக் ஆகாது, ஒட்டிக்கொண்டு விடாது. பல்குத்தும் குச்சியின் முனையில் மனிதக் கண்ணிமை முடி ஒன்றை ஒட்டி, அந்த முடியால்தான் எடுப்பாள். யாருடைய இமை என்று கேட்கிறீர்களா? கட்டின புருஷன் எதற்கு இருக்கிறான்! என் கொழுந்தனுக்குக் கன்றுக்குட்டி இமை. கல்யாணமான சில வருஷத்திலேயே அவனுடைய வலது கண் மொட்டையாகி, தூசி விழாமலிருக்க அந்தக் கண்ணுக்கு மட்டும் குடை பிடித்துக்கொண்டு நடந்தான் என்று நான் சொல்வதுண்டு. மிகை. மொத்தமாக ஒரு பத்து முடி போயிருக்கும். ஒரு குச்சியை அவள் வருஷக்கணக்கில் வைத்துக்கொள்வாள்.

வீட்டில் அவள் சின்னவள், நான் பெரியவள். அண்ணன் தம்பிக்கு வாழ்க்கைப்பட்டோம். சின்னவளும் அவள் புருஷனும் ஒரே ஆய்வுக்கூடத்தில் வேலை செய்தார்கள். அவன் படிகம் வளர்ப்பான், அவள் கம்பி ஒட்டுவாள். அந்தப் படிகத்தை அங்கே உப்பு என்பார்கள், ஆகவே அவனுக்கும் அதே பெயர் விழுந்துவிட்டது. என் வீட்டுக்காரர் ஒருமுறை, “ஏண்டா, அந்த உப்பை சமையல்ல போடலாமா?” என்று கேட்டார்.

“தாராளமா போடலாம்ணா. சாப்பிட்ட அப்புறம் உன்னைக் காந்தத்துக்குள்ள படுக்க வெச்சு, கரண்ட் விட்டுப் பாக்கணும். அவ்வளவுதான்” என்றான்.

அவன் வேலை செய்த அறை கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்தது. கதவு விளிம்பில் கம்பளித் துணி ஒட்டியிருக்கும். இரண்டு கை கொண்ட கண்ணாடிக் குடுவை, ஒவ்வொரு கையிலும் ஒரு பிளாட்டினக் கம்பி, உள்ளே பழுப்புக் கரைசல். கடுகளவு மின்சாரம் வாரக்கணக்கில் ஓடும். ஒரு கம்பியில் மட்டும், முகவாயில் மயிர் முளைக்கிற மாதிரி, கறுப்பு ஊசிகள் மெல்ல முளைக்கும். யாராவது கதவை ஓங்கிச் சாத்தினால் ஊசி கோணிக்கொள்ளும். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. அவர்கள் வீட்டில் திருடனே வந்தாலும், “மெதுவா, மெதுவா” என்றுதான் சத்தம் போடுவார்கள்.

அந்த ஊசி என்னதான் செய்யும் என்று நானே அவனை உட்கார வைத்துக் கேட்டிருக்கிறேன். சில பொருள்களைக் கடுங்குளிரில் வைத்தால் மின்சாரம் தடையே இல்லாமல் ஓடும். மீக்கடத்தி என்று பெயர். எலக்ட்ரான்கள் ஜோடி ஜோடியாகச் சேர்ந்து போகும், அதனால்தான் தடை இல்லை. பக்கத்தில் காந்தத்தைக் கொண்டுவந்தால் ஜோடி பிரிந்துவிடும். காந்தம் என்றால் மீக்கடத்திக்கு எமன். ஆனால் இவன் வளர்த்த உப்பு தலைகீழ். கரிமச் சேர்மத்தால் ஆன அடுக்குகள், ஒவ்வொரு இரண்டு அடுக்குக்கும் இடையில் இரும்பு அணுக்கள். வெறுமனே குளிரவைத்தால் மின்சாரம் அடியோடு நின்று, கல்லாகக் கிடக்கும். வெளியிலிருந்து காந்தப்புலத்தை ஏற்றினால், இரும்பு அணுக்கள் எல்லாம் ஒரே பக்கம் திரும்பி நிற்கும், படிகம் உலோகம்போல மின்சாரத்தைக் கடத்தத் தொடங்கும். இன்னும் ஏற்றினால், எந்தக் காந்தம் எமனோ அதுவே ஜோடி சேர்த்துவைக்கும்.

“அதெப்படிப்பா?” என்றேன்.

“அண்ணி, திரும்பி நிக்குற இரும்பு, எலக்ட்ரானை ஒரு பக்கமா இழுக்கும். வெளியில இருக்கிற காந்தம் அதுக்கு நேர் எதிர்ப் பக்கமா இழுக்கும். ரெண்டும் சரிக்குச் சரி ஆனா?”

“புருஷன் ஒரு பக்கம், மாமியார் ஒரு பக்கம். நடுவில இருக்கிறவ கொஞ்ச நேரம் நிம்மதியா உக்காந்திருப்பா.”

“அதே தான்! என்ன, அந்த நிம்மதி ரொம்பப் பெரிய காந்தத்துல மட்டும்தான் கிடைக்கும். காந்தம் அடுக்குக்கு இணையா, புத்தகத்துல காகிதம் செருகுற மாதிரி போகணும். கொஞ்சம் சாஞ்சு அடுக்கைக் குத்திடுச்சுன்னா ஜோடி கலைஞ்சுடும்.”

இந்தக் கடைசி வாக்கியத்தை அன்றைக்கு நான் காதில் சரியாகப் போட்டுக்கொள்ளவில்லை.

முதல் தடவை அவனுடைய படிகத்தைப் பெரிய காந்தத்தில் வைத்துப் பார்த்தபோது, அது ஏறக்குறைய எல்லாம் செய்தது. கல்லாகக் கிடந்தது, உலோகமானது, மின்தடை இறங்கியது, இறங்கிக்கொண்டே வந்து பாதியில் நின்றுவிட்டது. பூஜ்யத்தைத் தொடவே இல்லை. பார்க்க வந்திருந்த ஒரு நிபுணர், “அழுக்குப் படிகம்” என்று இரண்டே சொல்லில் முடித்துவிட்டுப் போய்விட்டார். அவர் கெட்டவரும் இல்லை. அழுக்குப் படிகம் அப்படித்தான் நடந்துகொள்ளும்.

 மறுநாளே என் கொழுந்தன், குடுவையில் கரைக்கிற தூளை எடுத்துத் திரும்பச் சுத்தம் செய்ய ஆரம்பித்தான். முன்பெல்லாம் வீட்டுக்கு வந்தால் என்னை ஒரு வார்த்தையாவது சீண்டாமல் போகமாட்டான். அதன் பிறகு வந்தால் கையைக் கழுவுவான், துடைப்பான், மறுபடி கழுவுவான். “என்னப்பா?” என்றால், “அழுக்குதான் போல அண்ணி, எங்கேயோ ஒட்டிக்கிட்டு இருக்கு” என்பான். கையைச் சொல்கிறானா உப்பைச் சொல்கிறானா என்று தெரியாது. இரண்டு வருஷம் அப்படியே போனது. தூள் சுத்தமாகச் சுத்தமாக அளவு குறைந்தது. கடைசியில் ஒரே ஒரு குடுவைக்குத்தான் மிச்சம் இருந்தது. அதைக் கரைத்து, மின்சாரம் கொடுத்து, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு வந்தான். ஊசி முளைத்துக்கொண்டிருந்தபோதே, ஒரு காலையில் செருப்பு மாட்டக் குனிந்தவன் நிமிரவில்லை. மாரடைப்பு.

கூடத்தில் கிடத்தியிருந்தோம். சின்னவள் அவன் முகத்தின்மேல் குனிந்தவள் வெகுநேரம் நிமிரவே இல்லை. வந்திருந்தவர்கள் எல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்கள். பக்கத்தில் நின்ற எனக்கு மட்டும் அவளுடைய கையில் சின்ன இடுக்கி தெரிந்தது. நான் என் முந்தானையைக் கொஞ்சம் விரித்து மறைத்துக்கொண்டு நின்றேன். வேறு என்ன செய்ய?

அன்றைக்கே ஆய்வுக்கூடத்திலிருந்து அவர்களுடைய தலைவியம்மா வந்தார். நெடுநெடுவென்று இருப்பார், பேச்சு கறாராக இருக்கும். “அந்தக் குடுவையை நிறுத்திடலாமாம்மா? பாத்துக்க ஆள் இல்லையே” என்று கேட்டார்.

சின்னவள் அழுதுகொண்டிருந்தவள் சட்டென்று நிறுத்தினாள். “கரண்டை யாரும் தொடக் கூடாது மேடம். அது வளர்ற வரைக்கும் வளரட்டும்.”

துக்கம் கேட்க வந்தவர்கள் வீட்டில் உட்கார்ந்திருக்க, இவள் தினமும் எழுந்து அந்த அடித்தள அறைக்குப் போய்வந்தாள். கதவருகே நின்று பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவாள். வளர்த்தவன் போன பிறகும் அது வளர்ந்தது. கரைசல் வெளுத்ததும் எடுத்துப் பார்த்தார்கள். பாதி தகடாகப் போயிருந்தது, அது வேறு ஜாதி, உதவாது. ஊசிகளில் முக்கால்வாசி விரிசல். குற்றம் சொல்ல முடியாத ஊசி ஒன்றே ஒன்று இருந்தது.

பெரிய காந்தம் வேறு ஊரில் இருக்கிறது. முறை வைத்து ஆளுக்குச் சில நாள் கொடுப்பார்கள். எங்கள் முறை வந்தபோது தலைவியம்மா முன்னதாகவே போய்விட்டார்; சின்னவளைத் தனியாக அனுப்ப மனம் வராமல் நானும் கூடப் போனேன். ரயிலில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். அவள் மடியில் ஒரு டப்பா, டப்பாவுக்குள் பஞ்சு, பஞ்சுக்குள் அந்த ஊசி.

“அக்கா, போன தடவை ஒட்டினேனே, அப்ப அந்தப் படிகம் லேசா வளைஞ்சிருந்தது. ஒரு முனை தூக்கிட்டு நின்னது. அடியில கொஞ்சம் பிசின் வெச்சு நிரப்பினேன். நாலு கம்பியும் ஒட்டின அப்புறம் பாத்தா, பிசின் கொஞ்சம் அதிகம். படிகம் சாஞ்சிருக்கிற மாதிரி பட்டுச்சு.”

“பட்டுச்சுன்னா?”

“நிச்சயமா தெரியலைக்கா. எடுத்துத் திரும்ப வெச்சா கம்பி அறுந்துடும். இவ்வளவு சாய்வு ஒண்ணும் பண்ணாதுன்னு விட்டுட்டேன்.”

புத்தகமும் காகிதமும் அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

“அவன்கிட்ட சொன்னியா?”

“கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். தூளைச் சந்தேகப்பட்டார், குடுவையைச் சந்தேகப்பட்டார், தண்ணியைச் சந்தேகப்பட்டார். நீ நேரா வெச்சியான்னு ஒருநாளும் கேக்கலை.” ஜன்னலைப் பார்த்தாள். “ரெண்டு வருஷம். தினம் சொல்லணும்னு நினைப்பேன். அவர் கையைக் கழுவிட்டு இருப்பார்.”

  “இங்க பாரு, போனவன் போயிட்டான். இந்தப் படிகம் நல்லா வந்தா, அவனுக்கும் நல்ல பேரு, உனக்கும் நல்ல பேரு. பழசைக் கிளறாதே. உன் கைக்கு இருக்கிற பேரைக் கெடுத்துக்கிட்டா நாளைக்கு யாரு உன்னை நம்பிப் படிகம் தருவா?” என்றேன். பெரியவளாக அதைத்தான் சொல்லத் தோன்றியது.

அவள் டப்பாவைப் பிடித்த பிடி மட்டும் இறுகியது.

காந்தக் கூடத்து வாசலிலேயே ஒருவர் எங்களை நிறுத்தினார். காந்தத்தை இயக்குகிறவர், தொப்பை மனிதர், வாய் ஓயாது. “சாவி, கடிகாரம், கொண்டை ஊசி எல்லாம் கழட்டி வெச்சிடுங்கம்மா. போன மாசம் ஒருத்தர் பல் செட்டோட உள்ள போனார். ஆள் இந்தப் பக்கம் நிக்கிறார், பல்லு அந்தப் பக்கம் சிரிக்குது.”

“உங்க தொப்பையை விட்டு வெச்சிருக்கே, நல்ல காந்தம்தான்” என்றேன். என்னைவிடப் பெரிய புளுகர் ஒருவரைப் பார்த்ததில் எனக்குக் கொஞ்சம் பொறாமை.

பூமியின் காந்தத்தைப்போலப் பல லட்சம் மடங்கு என்றார்கள். பார்க்க ஆளுயரத் தொட்டி மாதிரிதான் இருந்தது. சுற்றிலும் தண்ணீர்க் குழாய்கள், தொடையளவு கனம். ஓடும்போது சூடு தாங்காமல் உருகிவிடாமல் இருக்கத் தண்ணீர் பாய்கிறது. அந்த இரைச்சல் காதில் கேட்பதற்கு முன்னால் காலில் ஏறும்.

இந்தத் தடவை படிகத்தை வைக்கும் தாங்கியிலேயே ஒரு வசதி இருந்தது. மேலே ஒரு திருகைத் திருப்பினால் உள்ளே படிகம் மெல்லச் சாயும், நிமிரும். சின்னவள் ஒரு காலைப்பொழுது முழுக்க உட்கார்ந்து ஒட்டினாள். அவன் இமையால் எடுத்து, அவன் வளர்த்ததை வைத்தாள். நான் எட்ட நின்று, தும்மல் வராமலிருக்க மூக்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

பிறகு குளிர்விப்பு. அவசரப்பட்டால் படிகம் வெடித்துவிடும். திரையில் மின்தடையைக் காட்டும் ஒரு கோடு போய்க்கொண்டே இருக்கும், திடீரென்று குதித்தால் விரிசல் என்று அர்த்தம். பாதி வழியில் கோடு ஒரு குதி குதித்தது.  தலைவியம்மா பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தார்.

“நாலு கம்பியும் பேசுது மேடம். உயிரோடதான் இருக்கு” என்றாள் சின்னவள்.

அடிமட்டக் குளிருக்குப் போனதும் கோடு செங்குத்தாக மேலே ஏறிவிட்டது. மின்சாரம் நின்றது. கல். இனிமேல் காந்தம்.

குழாய்கள் இரைய ஆரம்பித்தன. புலம் ஏற ஏறக் கோடு சரிந்தது; கல் உலோகமானது. இன்னும் ஏற்றினார்கள். கோடு மறுபடி இறங்கியது, இறங்கி, போன தடவை நின்ற மாதிரியே பாதியில் நின்றது.

தலைவியம்மா கண்ணாடியைக் கழற்றினார். சின்னவள் காந்தக்காரரிடம், “திருகைக் கொஞ்சம் திருப்புங்க” என்றாள்.

திருப்பினார். கோடு மேலே போனது.

“இந்தப் பக்கம் இல்லை. அந்தப் பக்கம். மெதுவா, மெதுவா.”

கோடு இறங்கத் தொடங்கியது. வழுக்கிக்கொண்டே வந்து, திரையின் அடியில் தரையைத் தொட்டு, அப்படியே படுத்துவிட்டது. பூஜ்யம். எமன் ஜோடி சேர்த்துவைத்துவிட்டான். காந்தக்காரர் கை தட்டினார், தலைவியம்மா சின்னவளைக் கட்டிக்கொண்டார். நான் ஒன்றும் புரியாத மாதிரி அழுதேன்.

“உப்பு சுத்தமாயிடுச்சும்மா. ரெண்டு வருஷம் உக்காந்து சுத்தம் பண்ணினாரே, வீண் போகலை. இப்படியே எழுதிடறேன்” என்றார் தலைவியம்மா.

“இப்ப சுத்தமாயிடுச்சுன்னு எழுதினா, அப்ப அழுக்குன்னு ஆயிடும் மேடம்.”

“அதனால என்ன? யாரும் அதை இனிமே கேக்கப் போறதில்லை.”

“மறுபடி படிகத்தைச் சாய்ங்க” என்றாள் சின்னவள். “போன தடவை வந்த கோட்டைத் திரையில போடுங்க. அது மேல இது உக்காருதான்னு பாக்கலாம்.”

தலைவியம்மாவுக்கு ஒரு கணத்தில் புரிந்துவிட்டது. “வேண்டாம்மா. படிகம் ஏற்கெனவே ஒருதரம் குதிச்சிருக்கு. கிடைச்சது போதும்.”

“சாஞ்சு ஒட்டினது நான், மேடம்.”

இரைச்சலுக்கு மேலாக அதைக் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. அந்தக் கூடத்தில் முணுமுணுக்க முடியாது. நான் அவள் கையைப் பிடித்தேன், ரயிலில் சொன்னதைக் கண்ணாலேயே இன்னொரு முறை சொன்னேன். மெல்லக் கையை எடுத்துவிட்டாள்.

“யோசிச்சுக்கோ. அச்சுல வந்தா அழியாது. கை பிசகினவள்னு சொல்லுவாங்க” என்றார் தலைவியம்மா.

“அவரை அழுக்குன்னு சொன்னாங்களே.”

தலைவியம்மா காந்தக்காரரைப் பார்த்துத் தலையசைத்தார். பழைய கோடு திரையில் சிவப்பாக வந்தது. திருகு மயிரிழை மயிரிழையாக நகர்ந்தது. ஒவ்வொரு சாய்வுக்கும் புலத்தை இறக்கி ஏற்றி, ஒரு கோடு வரைந்தார்கள். ஒன்று சிவப்புக்குக் கீழே கிடந்தது. ஒன்று மேலே போனது. அவற்றுக்கு இடைப்பட்ட ஒரு சாய்வில், புதுக் கோடு சிவப்பின்மேல் ஏறி, வளைவுக்கு வளைவு அதோடு ஒட்டிக்கொண்டு போனது. சிவப்பு மறைந்துவிட்டது.

காந்தக்காரர் அதற்குக் கை தட்டவில்லை. சின்னவள் திரைக்கு மிக அருகில் போய் நின்று, நுண்ணோக்கியில் பார்க்கிற மாதிரி, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்தாள். அவளுடைய தோள் ஒரு முறை ஏறி இறங்கியது. திரும்பி, “எழுதுங்க மேடம்” என்றாள்.

“எழுதறேன்” என்றார் தலைவியம்மா. “பழைய படிகமும் சுத்தம். ஒட்டினதுல சாய்வு.”

“ஒட்டினது யாருன்னும்.”

“அதையும் எழுதறேன். அடுத்த படிகம் யார் வளர்த்தாலும், நீதான் ஒட்டுவே. நேரா இருக்கான்னு ரெண்டு தடவை பாத்துட்டு ஒட்டுவே.” கறாராகத்தான் சொன்னார், ஆனால் குரல் உடைந்துவிட்டது.

புலத்தை இறக்கினார்கள். இரைச்சல் அடங்கியது. படிகம் மறுபடி உலோகமாகி, மறுபடி கல்லாகிவிட்டது. சூடேற்றி வெளியே எடுக்கும்போது இன்னொரு மதியம் ஆகிவிட்டது. அடுத்த ஆட்கள் பெட்டிகளோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள். சின்னவள் நுண்ணோக்கியின் முன் உட்கார்ந்து படிகத்தைத் தாங்கியிலிருந்து கிளப்பினாள். அதுதான் கடைசி உப்பு, டப்பாவில் பத்திரமாகத் திரும்பிப் போக வேண்டும். குச்சியை நீட்டினாள். சட்டென்று நின்றுவிட்டாள்.

“என்ன?”

“இமை ஒடிஞ்சுபோச்சு.”

“இன்னொண்ணு இல்லையா? அன்னிக்கு...”

“அன்னிக்கு எடுத்ததுதான்க்கா இது.”

வாசலில் பெட்டிக்காரர்கள் செருமினார்கள். படிகம் கிளம்பிய பசையோடு, பாதி தூக்கிக்கொண்டு, கண்ணாடித் தகட்டின் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தது. ஒரு மூச்சு போதும் அதற்கு. சின்னவள் ஒடிந்த குச்சியை மேசையில் வைத்துவிட்டு வெறுங்கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு மெதுவாகத் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். அவள் பார்த்தது முகத்தை இல்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

“ஐயோ, என்கிட்ட என்னடி இருக்கு, எல்லாம் வெளுத்துப்போச்சே” என்றேன்.

“வெளுத்தா நல்லதுக்கா, கறுப்புப் படிகத்துல தெளிவா தெரியும். கொஞ்சம் குனியுங்க.”

குனிந்தேன். இடுக்கியோடு வந்த அந்தக் கை நடுங்கவே இல்லை.